இன்ஹேலரை நிறுத்தாதீர்கள், மருந்துப் பையைப் பிரித்துப் பாருங்கள்

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு அம்மிணி கேட்டிருக்கிறார். அவருடைய அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, 68 வயது, நூல் மில்லில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற ப்ளோ ரூமிலேயே காலம் தள்ளியவர், பீடியைப் போன வருடம்தான் விட்டிருக்கிறார். கோயம்புத்தூரில் நுரையீரல் மருத்துவர் பார்த்துவிட்டு சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கி இளைப்பு தருகிற நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று சொல்லி, காலையில் உறிஞ்ச டயோட்ரோபியம் கேப்சூல், இளைப்பு வந்தால் வாயில் அடிக்க சால்பியூட்டமால் பஃப் (இரண்டும் மூச்சுக்குழாயை விரிக்கிற இன்ஹேலர் மருந்துகள்), காலையும் இரவும் அசிப்ரோஃபைலினும் அசிடைல்சிஸ்டீனும் சேர்ந்த மாத்திரை என்று எழுதியிருக்கிறார். அது போக உள்ளூரில் வாங்கிய சளி டானிக், மெடிக்கலில் சொல்லிக்கொடுத்த நுரைக்கும் மாத்திரை, வீட்டில் ஏற்கெனவே கிடந்த டெரிஃபைலின் என்ற இளைப்பு மாத்திரை. இப்போது கை நடுங்குகிறதாம், நெஞ்சு படபடக்கிறதாம், குமட்டுகிறதாம், ராத்திரி தூக்கமில்லையாம். "எல்லாம் அந்த இன்ஹேலரால்தான்" என்று ஒரம்பரை வந்த யாரோ சொல்ல, அதை நிறுத்திவிட்டார்கள். சளியைக் கரைக்கிற மருந்தையும் மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்தையும் ஒன்றாகக் கொடுக்கலாமா, எது முதலில், எத்தனை நாள், புதிதாக வாங்கிய நெபுலைசரில் (மருந்தை ஆவிபோல மாற்றித் தரும் மெஷின்) என்ன போடலாம், ஆவி பிடிக்கலாமா என்பதுதான் அவருடைய கேள்விகள்.

நான் ஈரோட்டுப் பக்கம் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறவன், மருத்துவர் இல்லை. அப்புச்சியைப் பார்த்துப் பரிசோதித்து முடிவு செய்ய வேண்டியது அவருடைய மருத்துவர்தான். ஆனால் மருந்துகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

அம்மிணி, நீங்கள் எழுதிய பட்டியலைப் படித்ததும் எனக்கு இன்ஹேலர் மேல் சந்தேகம் வரவில்லை, மற்றவற்றின் மேல்தான் வந்தது. எல்லா அட்டைகளையும் பாட்டிலையும் எடுத்து ஒரு துணி விரித்துக் கொட்டுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். எழுதினாலே விஷயம் தெரிந்துவிடும். மருத்துவர் கொடுத்த மாத்திரையில் பெரும்பாலும் அசிடைல்சிஸ்டீன் 600 மில்லிகிராம் இருக்கும், அது ஒரு நாளைக்கு இரண்டு. தண்ணீரில் போட்டால் நுரைக்கிற மாத்திரையிலும் அதே அசிடைல்சிஸ்டீன் 600 தான், அது மூன்றாவது. அசிப்ரோஃபைலின் என்பது அம்ப்ராக்சாலையும் தியோஃபைலின் வகை அமிலத்தையும் இணைத்துச் செய்தது. கடையில் சளி டானிக் என்று கொடுக்கும் பல பாட்டில்களில் அம்ப்ராக்சால், லீவோசால்பியூட்டமால், குவாய்ஃபெனசின் மூன்றும் இருக்கின்றன. உங்கள் வீட்டு பாட்டிலிலும் அப்படி இருந்தால் அம்ப்ராக்சால் இரண்டு பக்கமும் போகிறது, மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்தும் டானிக் வழியாக ஒரு முறை, பஃப் வழியாக ஒரு முறை என்று போகிறது. கை நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் இதுவே போதும்.

அதைவிட எனக்குப் பயம் தருவது அந்த டெரிஃபைலின். நம் பக்கத்தில் இளைப்பு என்றாலே டெரிஃபைலின் என்று வாய் தானாகச் சொல்லும், இன்றைக்கும் பல கிளினிக்குகளில் அதைத்தான் ஊசியாகவும் போடுகிறார்கள். அதில் இருப்பது எட்டோஃபைலினும் தியோஃபைலினும். தியோஃபைலின் பழைய மருந்து, வேலை செய்கிற மருந்துதான். ஆனால் நன்மை செய்கிற அளவுக்கும் கெடுதல் செய்கிற அளவுக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறுகல். ரத்தத்தில் கொஞ்சம் கூடினாலே குமட்டல், வாந்தி, படபடப்பு, தூக்கமின்மை வரும். நிறையக் கூடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், வலிப்பே வரலாம். அசிப்ரோஃபைலின், டாக்சோஃபைலின், டெரிஃபைலின் எல்லாமே ஒரு குடும்பம். "ஃபைலின்" என்று முடிகிற பெயர் உங்கள் தாளில் இரண்டு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அடுத்த வேளை கொடுக்கக் கூடாது.

இங்கே இன்னொன்று இருக்கிறது, பலருக்கும் தெரியாது. பீடி சிகரெட் புகை கல்லீரலைத் தூண்டிவிட்டுத் தியோஃபைலினை வேகமாக வெளியேற்ற வைக்கும். பீடியை விட்ட பிறகு அந்த வேகம் குறைந்துவிடும், அதனால் முன்பு ஒத்துக்கொண்ட அதே அளவு இப்போது அதிகமாகிவிடும். அப்புச்சி பீடியை விட்டது ரொம்ப நல்ல காரியம், இதைக் கேட்டு மறுபடி பற்றவைத்துவிட வேண்டாம். ஆனால் பீடி பிடித்த காலத்தில் எழுதிய டெரிஃபைலின் அளவை இப்போது அப்படியே தொடரக் கூடாது. அதேபோல சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும் தியோஃபைலினை உடம்பிலேயே தங்க வைத்துவிடும். காய்ச்சலுக்கோ வயிற்றுப்போக்குக்கோ வேறு இடத்தில் காட்டும்போது "தியோஃபைலின் மாத்திரை சாப்பிடுகிறார்" என்று நீங்களாகவே வாய் திறந்து சொல்ல வேண்டும்.

ஆகவே நாளைக்கு, அடுத்த வாரம், நோம்பி முடியட்டும் என்று தள்ள வேண்டாம். குமட்டலும் படபடப்பும் சேர்ந்து இருப்பதால் இன்றைக்கே கோயம்புத்தூர் மருத்துவருக்குப் போன் போடுங்கள், கிடைக்காவிட்டால் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் பையோடு போங்கள். அவர் எழுதிக் கொடுக்காத மூன்றையும், அதாவது டானிக், நுரைக்கும் மாத்திரை, டெரிஃபைலின், அவரிடம் கேட்கும் வரை கொடுக்காமல் வையுங்கள். அவர் எழுதிய அசிப்ரோஃபைலின் மாத்திரையின் அடுத்த வேளையையும் அவரைக் கேட்ட பிறகே கொடுங்கள். டயோட்ரோபியத்தை அவர் எழுதியபடியே மறுபடி ஆரம்பியுங்கள். சால்பியூட்டமால் பஃப் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இன்ஹேலர் வீரியமானது, பழகிவிடும் என்று ஊரில் சொல்கிற பேச்சுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன், வீட்டில் பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சால்பியூட்டமால் மாத்திரை 4 மில்லிகிராம் என்றால் 4000 மைக்ரோகிராம். ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம், இரண்டு அடித்தாலும் 200 தான், மாத்திரையில் இருபதில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றுக்குப் போய் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றி நெஞ்சுக்கு வர வேண்டும். பஃப் நேராக நுரையீரலுக்கே போகிறது, ஐந்து நிமிடத்தில் வேலையை ஆரம்பித்து நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். சரி, தினமும் எடுக்க வேண்டியிருக்கிறதே என்றால், நோய் தினமும் இருக்கிறது, அதனால்தான். பிரஷர் மாத்திரையைத் தினமும் போடுகிறவரை யாரும் பழகிவிட்டார் என்று சொல்வதில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். அடித்து நான்கு மணி நேரம் ஆவதற்குள் மறுபடி பஃப் தேவைப்படுகிறது, அல்லது வழக்கத்தைவிட அடிக்கடி கேட்கிறார் என்றால் நோய் கூடுகிறது என்று அர்த்தம். அப்போது பஃப்பைக் கூட்டிக்கொண்டே போகாமல் மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும்.

இப்போது சளிக்கு வருகிறேன். அசிடைல்சிஸ்டீன் சளியில் இருக்கும் பின்னல்களை அறுத்து அதை நீர்க்க வைக்கிறது. கார்போசிஸ்டீன் சளியின் சேர்மானத்தையே மாற்றுகிறது. ப்ரோம்ஹெக்சினும் அம்ப்ராக்சாலும் நீர்த்த சளி சுரக்கத் தூண்டிவிட்டு, கெட்டிச் சளியை நகர வைக்கின்றன. எந்த மருந்தாக இருந்தாலும் சளி இளகுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது, வெளியே கொண்டுவருவது நம் வேலை. கீழ்பவானி வாய்க்காலில் சேற்றைக் கலக்கிவிட்டு மடையை அடைத்தே வைத்திருந்தால் என்ன ஆகும்? அதனால்தான் முதலில் குழாயை விரிக்கிற மருந்து, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து, பிறகு இருமி வெளியேற்றுவது என்ற வரிசை. மருத்துவர் உப்புநீர் நெபுலைசர் எழுதியிருந்தால் அதுவும் விரிக்கிற மருந்துக்குப் பிறகுதான். ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதியிருந்தால் அது கடைசியில், சளியெல்லாம் வந்த பிறகு, அப்போதுதான் மருந்து போய்ச் சேரும். அது முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் வாயில் வெள்ளை படியும், குரல் கம்மும்.

இருமுவதற்கும் ஒரு முறை உண்டு. காலையில் வெறும் வயிற்றில், நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கு வழியாக ஆழமாக மூன்று நான்கு மூச்சு, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று விநாடி பிடித்து விட வேண்டும். அப்புறம் வாயை அகலத் திறந்து, தொண்டையை இறுக்காமல் வயிற்றிலிருந்து "ஹா" என்று நீளமாக ஊத வேண்டும். இரண்டு முறை ஊதினால் சளி மேலே ஏறுவது அவருக்கே தெரியும், அப்போது ஒரே ஒரு இருமல் போதும். வறட்டு வறட்டென்று பத்து முறை இருமினால் குழாய் இன்னும் சுருங்கும், ஆள்தான் களைத்துப் போவார். பெரிய மருத்துவமனைகளில் பிசியோதெரபிஸ்ட் இதை உட்கார வைத்துச் சொல்லித் தருவார்கள், ஒரு முறை கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். சளி இளக்கும் மருந்தை, மருத்துவர் இரவுக்கென்று எழுதாத வரையில், பகலில் கொடுப்பதுதான் நல்லது. படுக்கும் நேரத்தில் சளி இளகினால் தூக்கம் கெடும். பக்கவாதம் வந்து இருமத் தெம்பில்லாமல் படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இந்த மருந்துகளைச் சொந்தமாக வாங்கிக் கொடுக்கவே கூடாது, இளகிய சளியை வெளியேற்ற முடியாமல் மூச்சு அடைக்கும்.

இருமலை அடக்குகிற டானிக்குகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கூத்தை வாரம் தவறாமல் பார்க்கிறேன். ஒரு பக்கம் சளியைக் கரைக்கிற மாத்திரை, இன்னொரு பக்கம் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபான் அல்லது கோடீன் கலந்த டானிக். கரைத்ததை வெளியே தள்ளுவதே இருமல்தான், அதை அடக்கிவிட்டால் சளி உள்ளேயே தேங்கிச் சீழ் பிடிக்கலாம். குளோர்ஃபெனிரமின் கலந்த சளி மாத்திரைகள் இருக்கும் சளியையும் காய வைத்து ஒட்ட வைத்துவிடும், வயதானவர்களுக்கு மயக்கமும் தரும். கோடீன் மூச்சின் வேகத்தையே குறைக்கக்கூடியது, சி.ஓ.பி.டி. உள்ளவருக்கு ஆபத்து.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். சளி இளக்கிகள் ஒரு ராத்திரியில் இளைப்பைக் குறைக்கிற மருந்துகள் இல்லை. நிறையச் சளி வருகிற சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தால் நோய் திடீரென்று முற்றும் தடவைகள் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் அவற்றின் பலன். நான்கு வாரம் ஒழுங்காகக் கொடுத்தும் சளி எடுப்பதில் எந்த வித்தியாசமும் இல்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி நிறுத்திவிடலாமா என்று கேளுங்கள், வருடக்கணக்கில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டாம். அப்புச்சிக்கு எப்போதாவது குடல்புண் இருந்திருக்கிறதா? இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், இந்த மருந்துகள் சளியை இளக்குவது போல வயிற்றைக் காக்கும் பூச்சையும் இளக்கக்கூடியவை. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை இருந்தாலும் சொல்லுங்கள், அசிடைல்சிஸ்டீனோடு சேர்ந்தால் பிரஷர் இறங்கித் தலைவலி வரும். நுரைக்கும் மாத்திரையில் சோடியம் வேறு இருக்கிறது, உப்பைக் குறைக்கச் சொன்ன ஆளுக்கு அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அழுகிய முட்டை வாடை வந்தால் பயப்பட வேண்டாம், அதில் கந்தகம் இருப்பதால் அப்படித்தான் இருக்கும். ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விடுங்கள். சளியில் ரத்தம் கலந்து வந்தால், அது கோடாக இருந்தாலும், சளி மருந்தையும் "ஹா" ஊதுவதையும் நிறுத்திவிட்டு அன்றைக்கே காட்ட வேண்டும்.

மருந்து சரியாக இருந்தாலும் எடுக்கிற முறையில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். டயோட்ரோபியம் கேப்சூலை அப்புச்சி மெஷினில் போட்டு உறிஞ்சுகிறாரா, தண்ணீர் ஊற்றி விழுங்குகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். விழுங்குகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள், அது நுரையீரலுக்குப் போகவே போகாது. பவுடர் மெஷினில் வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். பஃப்பில் நேர்மாறு: குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாக ஆழமாக இழுத்து, பத்து விநாடி பிடிக்க வேண்டும். 68 வயதில் அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் வராது, அதனால் பஃப்பின் முனையில் மாட்டி, மருந்தைத் தேக்கி நிதானமாக இழுக்க உதவும் பிளாஸ்டிக் குடுவையான ஸ்பேசர் ஒன்று வாங்குங்கள். வாரம் ஒரு முறை சோப்பு நீரில் அலசி, துணியால் துடைக்காமல் தானாகக் காய விடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

நெபுலைசர் வீட்டில் இருப்பதே எல்லாவற்றையும் அதில் ஊற்றலாம் என்று தோன்ற வைக்கும். மருத்துவர் பெயர் சொல்லி எழுதிய நெபுலைசர் மருந்தைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். போர் தண்ணீர், கேன் தண்ணீர், வீட்டில் உப்புப் போட்டுக் காய்ச்சியது, தைலம், துளசிச் சாறு, ஊசி மருந்து எதுவும் கூடாது. அசிடைல்சிஸ்டீனை நெபுலைசரில் வைத்தால் சிலருக்குக் குழாய் சட்டென்று சுருங்கிவிடும், அதை மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். இன்னொரு விஷயம், நெபுலைசருக்குக் கொடுக்கும் ஆம்ப்யூல்களில் இப்ராட்ரோபியம் கலந்தது அதிகம். அப்புச்சி ஏற்கெனவே எடுக்கும் டயோட்ரோபியமும் அதே வகை. இரண்டும் சேர்ந்தால் வாய் வறளும், மலச்சிக்கல் வரும், புரோஸ்டேட் வீங்கியிருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். கண்ணில் அழுத்தம் இருப்பவருக்கு மாஸ்க்கிலிருந்து கசியும் புகை கண்ணில் பட்டால் வலி எடுத்துப் பார்வை மங்கலாம், அப்படிப்பட்டவருக்கு மாஸ்க் வேண்டாம், வாயில் வைக்கும் குழாய் போதும். ஒவ்வொரு முறையும் கப்பைக் கழுவிக் காய வையுங்கள், ஈரத்தோடு மூடி வைத்தால் கிருமி வளரும்.

கண் என்றதும் ஞாபகம் வருகிறது. கண் அழுத்தத்துக்கு டிமோலால் சொட்டு போடுகிறாரா என்று பாருங்கள். கண்ணில்தானே விடுகிறோம் என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் அது ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கும், சால்பியூட்டமாலின் வேலையைத் தடுக்கும். கை நடுக்கத்துக்கோ படபடப்புக்கோ கொடுக்கும் ப்ரோப்ரனலாலும் அப்படியே. உங்கள் அப்புச்சிக்கு இப்போது கை நடுங்குகிறது, யாராவது அதற்கென்று ப்ரோப்ரனலால் எழுதிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. இதயத்துக்காக ஏற்கெனவே மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்றவை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள்.

ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்குச் சுகமாக இருக்கும், நுரையீரலின் அடியில் இருக்கும் சளிக்கு அது எட்டாது. வயதானவர் கொதிக்கிற சட்டிக்கு மேல் போர்வையைப் போட்டுக் குனிவதில் சூட்டுக்காயம்தான் பெரிய ஆபத்து. ஆடாதொடைக் கஷாயம் கொடுக்கலாமா என்றும் அம்மிச்சி (உங்கள் பாட்டி) கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது, நம் வேலியோரத்து ஆடாதொடையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் ப்ரோம்ஹெக்சினை உருவாக்கினார்கள், ப்ரோம்ஹெக்சின் உடம்புக்குள் மாறி வருவதுதான் அம்ப்ராக்சால். அதனால்தான் அம்ப்ராக்சால் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும்போது கஷாயத்தையும் மேலே ஏற்ற வேண்டாம் என்கிறேன். இன்ஹேலருக்குப் பதிலாக அது நிற்காது. வீட்டில் மாசமாக இருக்கிற பெண் யாராவது இருந்தால் அந்தக் கஷாயம் பக்கமே போகக் கூடாது, கருப்பையைச் சுருக்கும். தூதுவளை ரசம் சுடச்சுட வைத்துக் கொடுங்கள், அதில் கெடுதல் இல்லை.

மருந்து ஒரு பக்கம் போனாலும் பஞ்சுத் தூசியும் விறகுப் புகையும் மறுபடி உள்ளே போனால் பலன் குறையும். வேஸ்ட் காட்டன் மில்லுக்குப் பொழுதோட ஒரு ஷிப்ட் கணக்குப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பினால் விடாதீர்கள். ஆடிக்காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் புழுதியை அள்ளிக்கொண்டு வரும், அந்த மாதங்களில் வெளியே போகும்போது மூக்கையும் வாயையும் மூடட்டும். வருடத்துக்கு ஒரு முறை போடும் ஃப்ளூ தடுப்பூசியைப் பற்றியும், தனியாகப் போடும் நிமோனியா தடுப்பூசியைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசியாக, எப்போது வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது. ஒரு வாக்கியத்தைச் சேர்ந்தாற்போலப் பேச முடியவில்லை, உதடோ நகமோ நீலம் பூக்கிறது, பஃப் அடித்தும் அடங்கவில்லை, எப்போதும் இல்லாத அரைமயக்கம் அல்லது குழப்பம் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். சளி பச்சையாக மாறி, அளவும் கூடி, இளைப்பும் கூடினால் அது அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம். ஆம்புலன்ஸில் ஏறியதும் மருந்துப் பெயர் எழுதிய தாளைக் கொடுத்து, "சி.ஓ.பி.டி. உள்ளவர்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இந்த நோய் உள்ள சிலருக்கு ஆக்சிஜனை அளவுக்கு மீறித் திறந்துவிட்டால் கரியமில வாயு உடம்பில் தேங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். விரலில் மாட்டும் மீட்டரில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரை நின்றால் போதும் என்பதுதான் அவர்களுக்கு வழக்கமான இலக்கு. வீட்டில் சிலிண்டர் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தாலும் எவ்வளவு திறப்பது என்பதை மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவோடு நிறுத்துங்கள், மூச்சு வாங்குகிறதே என்று நீங்களாகக் கூட்ட வேண்டாம்.